ஆன் பொலினின் பதில் கடிதம்

நம்ம நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்கிற ஒருத்தங்க ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. "அரண்மனைக் காதல் படங்களைப் பத்தி இவ்வளவு பேசுறீங்களே, ராஜா ஆசைப்பட்டா அந்தப் பொண்ணு 'முடியாது'ன்னு சொல்ல முடியுமா? சொல்லவே முடியாதுன்னா அது என்ன காதல் கதை?" அவ்வளவுதான் கேள்வி. ரெண்டு வரி. அதைப் படிச்சதுல இருந்து வேற எந்த எபிசோடுக்கும் குறிப்பு எடுக்க முடியல. அதனால இன்னைக்கு அதையே பேசிடலாம்.

இந்த வகைப் படங்கள் நிறைய இருக்கு. எல்லாத்தையும் தொட்டா ஒண்ணும் மிஞ்சாது. ஒரே ஒரு ஜோடியை எடுத்துக்கிறேன்: இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, அவருடைய இரண்டாவது மனைவி ஆன் பொலின். சினிமா பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, 1920ல, எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் ஜெர்மனியில இவங்க கதையை மௌனப் படமா எடுத்துட்டார். அதுக்கப்புறம் எவ்வளவோ பேர் எடுத்திருக்காங்க, இன்னமும் எடுத்துக்கிட்டே இருக்காங்க.

நான் முதல்ல பார்த்தது 1969ல வந்த 'ஆன் ஆஃப் த தௌசண்ட் டேஸ்'. ரிச்சர்ட் பர்ட்டன் ஹென்றி, ஜெனிவீவ் புஜோல்ட் ஆன். கல்லூரி நாட்கள்ல ஒரு தேஞ்ச டிவிடியில பார்த்தேன். கடைசியில ஒரு காட்சி வரும். ஆன் லண்டன் கோட்டைச் சிறையில இருக்கா. மரண தண்டனை நெருங்கிடுச்சு. ராத்திரி ஹென்றி தனியா வர்றார். நம்ம கல்யாணம் செல்லாதுன்னு ஒத்துக்கோ, உன்னை உயிரோட விட்டுடுறேன்னு சொல்றார். அவ மாட்டேங்கிறா. ஒத்துக்கிட்டா மகள் எலிசபெத் முறைகேடா பிறந்தவளாயிடுவா இல்லையா? மகளோட உரிமைக்காக உயிரை விடுறா. அதோட, இந்தக் குழந்தை உன்னைவிடப் பெரிய ஆளா ஆளுவான்னு அவர் முகத்துக்கு நேரா சொல்றா. நான் அன்னைக்கு அழுதேன். சும்மா கண் கலங்கல, தேம்பி அழுதேன்.

அந்தக் காட்சி நடக்கவே இல்லை.

1536 மே 1, கிரீனிச்ல குதிரைப் போட்டி நடந்துச்சு. அதுல பாதியில ஹென்றி எழுந்து போனார். அதுக்கப்புறம் அவர் ஆன் முகத்தையே பார்க்கல. சிறைக்குப் போகல, பேரம் பேசல. இன்னொண்ணு கேளுங்க. மே 17ம் தேதி, அதாவது அவளைக் கொல்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு பேராயர் கிரான்மர் அறிவிச்சுட்டார். எலிசபெத் முறைகேடா பிறந்தவள்னும் ஆயிடுச்சு. மே 19 தலையும் போச்சு. படத்துல அவ உயிரைக் கொடுத்து எதைக் காப்பாத்தினாளோ, அதையும் பறிச்சுட்டு, உயிரையும் எடுத்தாங்க. கல்யாணமே செல்லாதுன்னா கணவனுக்குத் துரோகம் செஞ்சான்னு எப்படிக் குற்றம் சாட்டினீங்கன்னு யாரும் கேட்கல. கேட்டிருந்தா அவங்க தலையும் இருந்திருக்காது.

இது தெரிஞ்சப்போ எனக்குக் கோபம்தான் வந்துச்சு, என்னை ஏமாத்திட்டாங்கன்னு. அப்புறம் யோசிச்சேன். ஏன் அந்தக் காட்சி தேவைப்பட்டுச்சு? 1948ல மேக்ஸ்வெல் ஆண்டர்சன் எழுதின நாடகம்தான் அந்தப் படத்துக்கு மூலம். ஒரு காதல் கதைன்னா கடைசியா ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசியாகணும். அவ ஒரு பதில் சொல்லியாகணும். நிஜத்துல இல்லாமப் போனது அந்தப் பதில்தான்.

இப்போ கடிதங்களுக்கு வர்றேன். ஹென்றி ஆனுக்கு எழுதின 17 காதல் கடிதங்கள் இன்னைக்கும் இருக்கு. எங்கே தெரியுமா? வாத்திகன் நூலகத்துல. எந்தப் போப்பைப் பகைச்சுக்கிட்டு இந்தக் கல்யாணத்தைப் பண்ணினாரோ, அவர் வீட்டுலேயே அவர் காதல் கடிதம் பத்திரமா இருக்கு! யாரோ ஆன்கிட்ட இருந்து திருடிக் கொண்டுபோயிருக்கணும்னு ஒரு சந்தேகம் உண்டு. சிலது பிரெஞ்சுல, சிலது ஆங்கிலத்துல. எதிலும் தேதி இல்லை. 1527, 28 வாக்குல எழுதினதுன்னு கணிக்கிறாங்க. ஹென்றிக்கு எழுதுறதுன்னாலே அலுப்பு, சலிப்பு. அமைச்சர் வோல்சிகிட்டயே அப்படிச் சொல்லியிருக்கார். அப்படிப்பட்ட ஆள் தன் கைப்பட 17 கடிதம் எழுதியிருக்கார்னா பாருங்க.

என்ன எழுதியிருக்கார்? ஒரு வருஷத்துக்கும் மேலா காதல் அம்பு தைச்சுக் கிடக்கேன், உன் மனசுல எனக்கு இடம் இருக்கா இல்லையான்னு தெளிவா சொல்லுன்னு ஒரு கடிதத்துல கெஞ்சுறார். என்னோட ஒரே நாயகியா இரு, மத்த எல்லாரையும் விட்டுடுறேன், உனக்கு மட்டும் ஊழியம் செய்றேன்னு சொல்றார். தானே வேட்டையாடின மான் இறைச்சியை அனுப்புறார். கையெழுத்துப் போடும்போது அவ பேரோட முதல் எழுத்துக்களைச் சுத்தி ஒரு இதயம் வரையறார். பத்தாம் வகுப்புப் பையன் நோட்டுல கிறுக்குற மாதிரி. எனக்கு ரொம்பப் பிடிச்ச கடிதம் 1528ல வியர்வை நோய் பரவினப்போ எழுதினது. அந்த நோய் வந்தா ஒரே நாள்ல ஆள் போயிடுவாங்க. ஆனுக்கு வந்துடுச்சு. ஹென்றி துடிச்சுப்போய் எழுதுறார், மருத்துவரையும் அனுப்புறார். ரொம்ப நம்பிக்கையான மருத்துவர் பக்கத்துல இல்ல, அடுத்தவரை அனுப்புறேன்னு சொல்றார். ஆனா தான் மட்டும் பக்கத்துல வரல. நோய்க்குப் பயந்து ஊர் ஊரா இடம் மாறிக்கிட்டிருக்கார்.

சரி, ஆன் எழுதின பதில்கள்? ஒண்ணுகூட இல்லை. ஹென்றியோட கடிதங்களைப் படிச்சா அவ பதில் போட்டது தெரியுது. ஆனா என்ன எழுதினான்னு தெரியாது. அவ அனுப்பின ஒரு பரிசைப் பத்தி மட்டும் ஹென்றி நன்றி சொல்லி எழுதியிருக்கார். ஒரு நகை. ஒரு கப்பல், அதுக்குள்ள தனியா ஒரு பெண், கூடவே ஒரு வைரம். அலையில தத்தளிக்கிற ஒருத்தி அடைக்கலம் கேட்கிறான்னு அதுக்கு அர்த்தம் சொல்றாங்க. காதலுக்குச் சம்மதம்னும் எடுத்துக்கலாம். 'இனி என் உயிர் உன் கையில'ன்னும் எடுத்துக்கலாம். அவ வாயால எதையும் நாம கேட்கல.

இந்த இடத்தைத்தான் நூறு வருஷமா சினிமா நிரப்பிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு படமும் ஆன் பொலினுக்காக ஒரு பதில் கடிதம் எழுதுது.

அவ ஏன் சட்டுன்னு சம்மதிக்கல? வழக்கமான கதை இது: அவ கெட்டிக்காரி, ஆசைநாயகியா இருக்க மாட்டேன், ராணியா ஆக்கினா வர்றேன்னு பேரம் பேசினா. அவளோட அக்காவோ தங்கையோ, மேரி பொலின், ஏற்கெனவே ஹென்றியோட ஆசைநாயகியா இருந்து கைவிடப்பட்டவ. அதைப் பக்கத்துல இருந்து பார்த்தவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஆனா வேற வாதங்களும் இருக்கு. தள்ளிப்போட்டது ஹென்றிதான், பிறக்கப்போற வாரிசு சட்டப்படி பிறக்கணும்னு காத்திருந்தார்னு ஜி. டபிள்யூ. பெர்னார்டுன்னு ஒரு வரலாற்றாசிரியர் சொல்றார். கேரன் லிண்ட்சே 1995ல எழுதின புத்தகத்துல நேரா ஒரு விஷயத்தைச் சொல்றாங்க: இன்னைக்கு ஒரு முதலாளி வேலைக்காரப் பெண்கிட்ட இப்படி நடந்துகிட்டா அதுக்கு நாம வைக்கிற பேர் பாலியல் தொந்தரவு. ஆன் அரசவையை விட்டுட்டு கென்ட்ல இருக்கிற ஹீவர் கோட்டைக்கு, அப்பா வீட்டுக்குப் போனா. கடிதம் அங்கேயும் துரத்துச்சு. விலகிப்போறதை அவர் நாணம்னு எடுத்துக்கிட்டார், மௌனத்தை 'இன்னும் கேளு'ன்னு எடுத்துக்கிட்டார். சினிமாவும் அப்படித்தான் எடுத்துக்குது, இல்லையா?

ஹென்றி மட்டும் அப்படி நினைச்சார்னு சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஐரோப்பிய அரசவையோட விளையாட்டே அதுதான். அரசவைக் காதல்னு சொல்வாங்க. ஆண் தன்னை ஊழியன்னு சொல்லிக்கணும், பெண் எட்டாத உயரத்துல இருக்கணும். அவன் கெஞ்சணும், அவ மறுக்கணும், அவன் விடாம நிக்கணும். பாட்டு, நடனம், குதிரைப் போட்டி எல்லாத்துலயும் இதுதான். 1522 மார்ச்ல வோல்சியோட அரண்மனையில ஒரு கேளிக்கை நடந்துச்சு. பச்சைக் கோட்டைன்னு அதுக்குப் பேர். மண்டபத்துக்குள்ளேயே ஒரு கோட்டையைக் கட்டி, அதுக்குள்ள அரசவைப் பெண்களை நிறுத்தினாங்க. ஒவ்வொருத்திக்கும் ஒரு நற்குணத்தோட பேர். ராஜாவோட தங்கைக்கு 'அழகு'. மேரி பொலினுக்கு 'கருணை'. பிரான்ஸ் அரசவையில வளர்ந்து அப்போதான் ஊர் திரும்பியிருந்த ஆனுக்கு 'விடாமுயற்சி'. ஹென்றியும் மத்த ஆண்களும் வெளியில இருந்து பேரீச்சம்பழமும் ஆரஞ்சும் எறிஞ்சு கோட்டையை முற்றுகை போட, பெண்கள் பன்னீரையும் மிட்டாயையும் வீசித் தடுத்தாங்க. கடைசியில கோட்டை விழுந்துச்சு, எல்லாரும் சேர்ந்து நடனம் ஆடினாங்க. 'தி டியூடர்ஸ்' தொடர்ல இந்தக் கேளிக்கையைக் காட்டுவாங்க. ரொம்ப அழகா இருக்கும்.

கோட்டை விழாமலே இருக்கலாம்ங்கிற முடிவு அந்த விளையாட்டுல கிடையாது. பெண் எவ்வளவு நேரம் தடுக்கிறாங்கிறது மட்டும்தான் அதுல சுவாரஸ்யம். நேயர் கேட்ட கேள்விக்கு என் பதிலோட முதல் பாதி இதுதான். 'முடியாது'ன்னு சொல்லலாம். ஆனா அதுவும் விளையாட்டோட ஒரு காய் நகர்த்தலாத்தான் எடுத்துக்கப்படும்.

இப்போ படங்களைக் கொஞ்சம் வேகமா பார்த்துடலாம். 1933ல வந்த அலெக்சாண்டர் கோர்டாவோட படத்துல சார்லஸ் லாட்டன் ஹென்றியா நடிச்சு ஆஸ்கர் வாங்கினார். படம் ஆன் சாகிற நாள்லதான் தொடங்குது. அவளுக்கு அதுல சில நிமிஷம்தான் இடம், அப்புறம் கதை நகைச்சுவையா ஓடிடும். முதல் மனைவி கேத்தரினைப் பத்தியோ, அவங்க மரியாதையான பெண்மணி, அதனால சுவாரஸ்யம் இல்லைன்னு எழுத்துலயே போட்டுடுவாங்க! 1969 படத்துல ஆன் போராளி. முதல்ல வெறுக்கிறா, அப்புறம் காதலிக்கிறா. அவ காதலிக்க ஆரம்பிச்சதும் அவருக்கு அலுத்துப்போகுது. புஜோல்ட் அதை நம்ப வைப்பாங்க. பொய்யான காட்சின்னு தெரிஞ்ச பிறகும் இன்னொரு தடவை பார்த்தேன். தொண்டை அடைக்கத்தான் செஞ்சுது, மறைக்கல.

2008ல வந்த 'தி அதர் பொலின் கேர்ள்' எனக்குப் பிடிக்காத படம். பிலிப்பா கிரிகரி நாவலை வச்சு எடுத்தது. நடாலி போர்ட்மேன் ஆன், ஸ்கார்லெட் ஜோஹான்சன் மேரி. அதுல மேரி நல்ல பொண்ணு, ஆன் பேராசைக்காரி. ஆனா அந்தப் படத்துல ஒரு விஷயத்தைப் பாராட்டணும். அப்பாவும் மாமாவும் ரெண்டு பெண்களையும் ராஜாவோட படுக்கைக்கு அனுப்பக் கணக்குப் போடுறதை ஒளிக்காம காட்டுவாங்க. ஹென்றி ஆன் மேல பலாத்காரம் செய்றதாவும் ஒரு காட்சி உண்டு. அதுக்கு வரலாற்றுல ஆதாரம் இல்லை. ஆனா காதல் படம்னு விளம்பரம் பண்ணின ஒண்ணு நடுவுல திடீர்னு அங்கே போய் நிக்குது, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடியும் பட்டுத் துணிக்கும் முத்து மாலைக்கும் திரும்பிடுது. அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

'தி டியூடர்ஸ்', 2007ல இருந்து 2010 வரைக்கும். முதல் சீசன்ல நடாலி டோர்மர் ஒரு கவர்ச்சிக் கன்னி. ரெண்டாவது சீசன்ல அவங்க வேற ஆள். படிக்கிற, மதச் சீர்திருத்தம் பேசுற, பயப்படுற ஒரு பெண். நிஜ ஆனுக்கு அது பக்கத்துல வருது. எரிக் ஐவ்ஸ் எழுதின வாழ்க்கை வரலாற்றைப் படிச்சவங்களுக்குத் தெரியும், அவ வெறும் காதலி இல்லை, அரசியல் தெரிஞ்சவ, மதச் சீர்திருத்தத்துல நிஜமான அக்கறை இருந்தவ. அந்த சீசன் முடிவுல அவ தலை விழுது, ஹென்றி உட்கார்ந்து அன்னப் பறவை இறைச்சி சாப்பிடுறார். தொடர்ல எவ்வளவோ அபத்தம் இருக்கு, ஆனா அந்த இடம் சரி.

ஏன் சரின்னா, நிஜத்துல நடந்தது கிட்டத்தட்ட அதுதான். மே 19 ஆன் செத்தா. மறுநாள் ஹென்றிக்கும் ஜேன் சீமோருக்கும் நிச்சயதார்த்தம். மே 30 கல்யாணம்.

இப்போ நேயர் கேள்விக்கு ரெண்டாவது பாதி. கொஞ்சம் பொறுமையா கேளுங்க, ஏன்னா எந்தக் காதல் படமும் இதை முழுசா காட்டினது இல்லை.

மே 2ம் தேதி ஆன் பொலினைக் கைது பண்ணி லண்டன் கோட்டைக்குக் கொண்டு வர்றாங்க. கோட்டைக் காவல் அதிகாரி பேர் வில்லியம் கிங்ஸ்டன். அவ என்ன பேசினாலும் உடனே தாமஸ் க்ராம்வெல்லுக்கு எழுதி அனுப்பணும். அவளைச் சுத்தி வச்சிருந்த பெண்களும் அவளுக்குப் பிடிக்காதவங்க, காது கொடுக்கிறதுதான் அவங்க வேலை. கிங்ஸ்டன் எழுதின கடிதங்கள் தீயில கொஞ்சம் கருகிப் போனாலும் இன்னைக்கும் இருக்கு. என்னைப் பாதாள அறையில போடப் போறீங்களான்னு அவ கேட்கிறா. இல்லை, முடிசூட்டு விழாவுக்கு முன்னாடி தங்கினீங்களே, அதே அறைகள்தான்னு அவர் சொல்றார். அவ மண்டியிட்டு அழறா, உடனே சிரிக்கிறா. நியாயம் கிடைக்காமலே சாகப் போறேனான்னு கேட்கிறா. ராஜாவோட ஏழைக் குடிமகனுக்குக்கூட நியாயம் உண்டுன்னு அவர் சொல்றார். அதுக்கும் சிரிக்கிறா.

அப்புறம் பயத்துல, தான் என்ன தப்புப் பண்ணியிருப்பேன்னு தேடித் தேடி அவளே சொல்லிக்கிட்டே போறா. ஹென்றி நோரிஸ்ங்கிற பிரபுகிட்ட பேசினது. நீ ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கலைன்னு கேட்டிருக்கா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு அவர் சொல்லியிருக்கார். செத்தவன் செருப்புக்குக் காத்திருக்கியா, ராஜாவுக்கு ஏதாவது ஆனா என்னைக் கட்டிக்கலாம்னு பார்க்கிறியான்னு இவ சீண்டியிருக்கா. அரசவைக் காதல் விளையாட்டுல இது தினமும் பேசுற பேச்சு. ராணின்னா அவளைச் சுத்தி ஆண்கள் உருகணும், அவ கேலி பண்ணணும். ஆனா அதுல ராஜாவோட சாவு வந்துடுச்சு. அது ராஜதுரோகம். மார்க் ஸ்மீட்டன்னு ஒரு இசைக் கலைஞர். ஒரு நாள் ஜன்னலோரம் சோகமா நின்னவர்கிட்ட என்னன்னு கேட்டிருக்கா. பெரிய குடும்பத்து ஆள்கிட்ட பேசுற மாதிரி உன்கிட்ட நான் பேசுவேன்னு எதிர்பார்க்காதேன்னும் சொல்லியிருக்கா. ஒரு பார்வையே போதும்னு அவர் பதில் சொல்லியிருக்கார். அதையும் கிங்ஸ்டன் எழுதி அனுப்பிட்டார்.

நோரிஸ், ஸ்மீட்டன், வெஸ்டன், ப்ரெரட்டன், கூடப் பிறந்த ஜார்ஜ் பொலின். மே 17 அஞ்சு பேர் தலையும் போச்சு. 1522ல மிட்டாய் வீசி விளையாடின அதே விளையாட்டு. ராஜா துரத்தினப்போ அது காதல். அவர் மனசு மாறினதும் அதே பேச்சு குற்றப்பத்திரிகை.

ஹென்றி எழுதினதை வாத்திகன் காப்பாத்துச்சு. ஆன் அந்த நாட்கள்ல பேசினதை அவளுடைய சிறைக்காவலர் காப்பாத்தினார். அவ ஹென்றிக்கு எழுதின காதல் பதில் எங்கேயும் இல்லை.

அதனாலதான் எனக்கு இதுல எல்லாத்தையும்விடப் பிடிச்சது, காதல் கதையே சொல்லாத 'உல்ஃப் ஹால்'. ஹிலரி மேன்டல் நாவல்களை வச்சு பிபிசி 2015ல எடுத்த ஆறு பகுதித் தொடர். எல்லாம் க்ராம்வெல்லோட கண்ணு வழியா வரும். க்ளேர் ஃபோய் நடிச்ச ஆன் நமக்குப் பிடிக்கிற மாதிரி இருக்க மாட்டா. எரிச்சல், கர்வம், கிண்டல், அதுக்கு நடுவுல பயம். அவ மனசுல என்னன்னு நமக்குச் சொல்லவே மாட்டாங்க. நமக்குத் தெரியாததைத் தெரியாததாவே விட்டிருக்காங்க. தண்டனை முடிஞ்சு க்ராம்வெல் திரும்பி வர்றப்போ, டேமியன் லூயிஸ் நடிச்ச ஹென்றி ரெண்டு கையையும் விரிச்சுச் சிரிச்சுக்கிட்டே கட்டிப்பிடிப்பார். மார்க் ரைலன்ஸ் முகத்தை அப்போ பாருங்க. அடுத்தது தான்னு அவருக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கும். 1540ல அது நடந்தும் போச்சு.

அப்போ பழைய காதல் படங்களைப் பார்க்கக் கூடாதான்னு கேட்டா, நான் பார்ப்பேன். அடுத்த வாரம்கூட அந்த 1969 படத்தைப் போடுவேன். சிறைக்கு ஹென்றி வர்ற காட்சியில, இதெல்லாம் அவகிட்ட கேட்கப்படவே இல்லைங்கிறதும் கூடவே ஓடும். ரெண்டும் சேர்ந்து ஓடட்டும். முன்னாடி அழுததைவிட இப்போ அழறதுக்குக் காரணம் கூடுதலா இருக்கு.

ஒரு கடைசித் தகவல். அவ உயிரோட இருந்தப்போ செஞ்சதுன்னு உறுதியா சொல்லக்கூடிய உருவம் ஒண்ணே ஒண்ணுதான், 1534ல வார்த்த ஒரு சின்ன ஈயப் பதக்கம். பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. மூக்கு நசுங்கிப்போய், முகம் பாதி தெரியாது. நாம பார்த்துப் பழகின, கழுத்துல பி எழுத்து தொங்குற அந்த ஓவியங்கள் எல்லாம் அவ செத்த பிறகு வரைஞ்சது. அரண்மனைகள்ல ஹென்றி பேரோட சேர்த்துச் செதுக்கின அவ பேரோட முதல் எழுத்தை எல்லாம் அவசர அவசரமா எடுத்துட்டாங்க. சிலது தப்பிடுச்சு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி சிற்றாலயத்துல ஒரு பெரிய மரத்தடுப்பு இருக்கு. அதுல எச்சும் ஏயும் பின்னிப் பிணைஞ்சு இன்னைக்கும் அப்படியே இருக்கு. அங்கே போறவங்க இருந்தா, தலையைத் தூக்கிப் பாருங்க. போட்டோ எடுத்தா எனக்கும் அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வணக்கம்.